இளைப்பாறுதல்: ஒரு சொல்லும் அதனைச் சுமந்தவர்களும்



நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில், யாழ்ப்பாண மரபில் வந்த நண்பர் ஒருவர் எனக்கு வாழ்த்து மடல் எழுதினார். உறையின்மேல் ‘இளைப்பாறிய விரிவுரையாளர்’ என்று குறிப்பிட்டிருந்தார். நம் நாட்டுத் தமிழில் ‘பணி ஓய்வு பெற்றவர்’ என்று சொல்லும் இடத்தில், இலங்கைத் தமிழர் ‘இளைப்பாறிய ஆசிரியர்’, ‘இளைப்பாறிய அதிபர்’ என்று எழுதுவர். இரண்டும் ஒரே நிலையைக் குறிப்பவைதாம். ஆயினும் ‘இளைப்பாறியவன்’ என்று அழைக்கப்பட்டபோது, ‘நான் உண்மையில் இளைப்பாறிவிட்டேனா?’ என்ற கேள்வி என்னுள் எழுந்தது. ‘ஓய்வு பெற்றவர்’ என்ற தொடர் அக்கேள்வியை ஒருபோதும் எழுப்பியதில்லை.

இச்சொல்லோடு எனக்கு வேறோர் உறவும் உண்டு. என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால் வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர். அவருடைய கணவர், அதாவது என் தாத்தா, சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராதவர்களுள் ஒருவர். ஒவ்வொரு நவம்பர் 2ஆம் நாளும், கல்லறைத் திருநாளன்று, பாட்டி என்னைக் கையோடு அழைத்துச் செல்வார். மற்றவர்கள் தத்தம் உறவினர் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவர். பாட்டி மட்டும் நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார். “தாத்தாவுக்குக் கல்லறை எங்கே பாட்டி?” என்று ஒருமுறை கேட்டேன். “இடந்தான் இல்லப்பா. இளைப்பாற்றி இருக்கும்” என்றார்.

இளைப்பாற்றி என்ற அச்சொல்லை நான் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. துன்பக் காலத்தில் கிறித்தவ நம்பிக்கையில் ஆறுதல் தேடிய தமிழர் எந்தெந்தச் சொற்களின் நிழலில் நின்றனர், அச்சொற்கள் எவ்வாறு அவர்களிடம் வந்துசேர்ந்தன என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும். சமயப் பரப்புரை இதன் நோக்கமன்று. ஒரு சமூகத்தின் துயரமும் அதன் மொழியும் எங்கே சந்திக்கின்றன என்பதை மாணவர்க்குக் காட்டுதற்கு இஃது ஒரு நல்ல சான்றாகும்.

1. சொல்லின் அமைப்பு

‘இளை’ என்னும் வினைக்கு மெலிதல், களைத்தல், மூச்சு வாங்குதல் என்னும் பொருள்கள் உண்டு. நெஞ்சு நோயால் மூச்சிரைப்பதையும் ‘இளைப்பு’ என்றே நாட்டு மருத்துவர் குறிப்பர். வலிமை குன்றித் தாழ்ந்தவனை ‘இளைத்தவன்’ என்கிறோம். ஆகவே, இளைப்பு என்பது வெறும் உடற்களைப்பு மட்டுமன்று. தாழ்வுற்ற நிலையும் அதனுள் அடங்கும்.

‘ஆறு’ என்னும் வினை அதனினும் வளமானது. சூடு ஆறும், புண் ஆறும், சினம் ஆறும், பசி ஆறும். இவையனைத்திலும் பொதுவாக அமைவது, மிகுந்திருந்த ஒன்று மெல்ல மெல்லத் தணிந்து இயல்பு நிலைக்குத் திரும்புதலாகும். ஆறுதலுக்குக் காலம் வேண்டும். கொதிக்கும் பாலைப் பார்த்து ‘உடனே ஆறு’ என்று கட்டளையிட இயலாது. துயருற்றவரிடம் நாம் சொல்லும் ‘ஆறுதல்’ என்னும் சொல்லே இவ்வினையிலிருந்து பிறந்ததுதான்.

‘ஆறு’ தன்வினை, அதன் பிறவினை ‘ஆற்று’. ‘தேறு’, ‘தேற்று’ என்பனவும் இவ்வாறே அமைந்தவை. இளைப்பாறுபவர் தாமே ஆறுகிறார். இளைப்பாற்றுபவர் பிறருடைய இளைப்பை ஆற்றுகிறார். பாட்டி சொன்ன ‘இளைப்பாற்றி’ இப்பிறவினை வழி வந்த பெயர். இறந்தோர்க்கான கத்தோலிக்க மன்றாட்டில் ‘நித்திய இளைப்பாற்றி’ என்னும் தொடராக இது வழங்குகிறது. இறந்தவர் தாமாக இளைப்பாற இயலாது; மற்றொருவர் அவரை இளைப்பாற்ற வேண்டும் என்னும் கருத்து அப்பிறவினையில் பொதிந்துள்ளது. தோட்டத்து மக்கள் இலக்கணம் அறியாமலே அதனைச் சரியாக ஆண்டுவந்தனர்.

இனி, ‘ஓய்வு’ என்பதோடு ஒப்பிடுவோம். ‘ஓய்’ என்பது நிற்றல், ஒழிதல் என்னும் பொருளது. மழை ஓயும், அலை ஓயும். எபிரேய மொழியில் ஏழாம் நாளைக் குறிக்கும் சொல்லும் ‘நிறுத்துதல்’ என்னும் வேரினின்று பிறந்ததே. அதனைத் தமிழில் ‘ஓய்வுநாள்’ என்று பெயர்த்தவர் மிகப் பொருத்தமாகவே பெயர்த்தார். ஆனால் மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், சுமை சுமந்து சோர்ந்தவர்களை இயேசு அழைக்கும் இடத்தில், தமிழ் விவிலியம் ‘ஓய்வு’ என்று சொல்லவில்லை, ‘இளைப்பாறுதல்’ என்கிறது. வேலை நின்றுவிடுவது ஓய்வு. வேலை நின்ற பின்னும் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கலாம். அந்த மூச்சு சீராவதே இளைப்பாறுதல். என் பாட்டி பால் வெட்டுவதை நிறுத்தியது அவருக்குக் கிடைத்த ஓய்வு. அவர் தேடியது மற்றொன்று.

அப்பகுதியில் இன்னொரு நுட்பமும் உண்டு. இளைப்பாறுதலை வாக்களிக்கும் அதே இடத்தில், நுகத்தை ஏற்றுக்கொள்ளுமாறும் இயேசு கூறுகிறார். நுகம் உழவு மாட்டின் கழுத்தில் வைக்கப்படுவது. அது வேலையின் கருவி. சுமை அறவே நீங்கிவிடும் என்று அங்கே சொல்லப்படவில்லை. சுமப்பவர்க்கு ஆறுதல் உண்டு என்பதே செய்தி. உழவுத் தொழிலை அறிந்த தமிழ்க் கேட்போர்க்கு இதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

2. சுமைதாங்கியும் அடைக்கலமும்

தமிழகத்தின் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் இறக்கிவைக்கலாம். மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். சுமையை இறக்காமலே போய்ச் சேர்ந்தவளின் பெயரால், மற்றவர் சுமையைத் தாங்கும் கல் அது. ‘இளைப்பாறுதல்’ என்ற சொல்லைத் தமிழர் கேட்டபோது அவர்கள் கண்முன் நின்றவை இத்தகைய கல்லும் சத்திரமும் மரநிழலுமே. மொழிபெயர்ப்பாளர் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ள இயலாது. சொல்லோடு அதன் நிலக்காட்சியும் சேர்ந்தே வரும்.

‘அடைக்கலம்’ என்ற சொல்லும் அவ்வாறே வந்தது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு ‘அடைக்கலக் காதை’ என்று பெயர். ஒருவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளும் ஆளும் அடைக்கலம். காப்பவர்க்கு அதில் பெரும் பொறுப்பு உண்டு. இத்தாலியில் பிறந்து, தமிழ்ப் புலவராய் வாழ்ந்து, 1726இல் தேம்பாவணியை இயற்றிய வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சியில் மரியன்னைக்கு எழுப்பிய ஆலயம் ‘அடைக்கல மாதா’ ஆலயமாகவே இன்றும் அறியப்படுகிறது. அவ்வூருக்குத் ‘திருக்காவலூர்’ என்று பெயரிட்டு, அதன்மேல் கலம்பகமும் பாடினார். அடைக்கலம், காவல் ஆகிய இரு சொற்களும் அவர் புதிதாகப் படைத்தவையல்ல. தமிழர் தம் துன்பக் காலத்தில் ஏற்கெனவே நாடியிருந்த சொற்களே அவை.

3. சொல்லைத் தேடியவர்களின் துன்பம்

தமிழ்க் கிறித்தவ உரைநடையின் தொடக்கம் முத்துக்குளித்துறையில் உள்ளது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. அதனை உருவாக்கிய அன்றிக் அடிகளார், கடலோர மக்களின் பேச்சைக் கேட்டே தமிழ் கற்றவர். ஆயினும் விவிலியம் தமிழில் அச்சேறுவதற்கு மேலும் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1706 சூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பழகினார். தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, 1708இல் அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியலும் தயாரித்தார். அவ்வாண்டு அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, டேனியக் கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பூசலால், டான்சுபோர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். ஏழைக் கைம்பெண் ஒருவரின் வழக்கில் அவர் தலையிட்டது பூசலை முற்றச் செய்தது. சிறைவாசம் நான்கு மாதம் நீடித்தது. விடுதலையான பின் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்து, 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அது தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. 1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

அவர்க்குப் பின் வந்தவருள் முதன்மையானவர் பப்ரிசியசு. 1740இல் தமிழகம் வந்து, சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றினார். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. 1758–59இல் மீண்டும் முற்றுகை. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பு. இக்குழப்பங்களுக்கு நடுவில்தான் அவர் விவிலியத்தைச் சொல் சொல்லாகத் திருத்தினார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியிலிருந்து கைப்பற்றி வந்த அச்சுப்பொறி வேப்பேரிக்குக் கிடைத்தது. போரின் கொள்ளைப் பொருள் ஒன்று, அமைதியைப் பேசும் நூல்களை அச்சிடும் கருவியாயிற்று. 1779இல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது. அவர் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் பல இன்றும் பாடப்படுகின்றன. அவர்தம் விவிலியத்தைப் பிற்காலத்தார் ‘பொன் மொழிபெயர்ப்பு’ என்று போற்றினர்.

அத்தகைய பப்ரிசியசின் முதுமை இனிதாக அமையவில்லை. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாள்வதில் அவர் திறனற்றவராய் இருந்தார், கொடுத்தவை திரும்பவில்லை. கடனுக்காகச் சென்னையில் சிறைப்பட்டார். 1791இல் இறந்தார். அவரால் நம்பி ஏமாந்தவர்களின் துன்பத்தையும் இங்கே மறைத்தல் ஆகாது. ஆறுதல் சொற்களைத் தமிழுக்குத் தந்தவர் பிறர்க்குத் துயரமும் தந்தார், தாமும் துயருற்றார். வரலாறு இவ்விரண்டையும் ஒருசேரவே பதிவு செய்கிறது.

4. மாறிய சொற்களும் மாறாத சொல்லும்

விவிலியத் தமிழில் கடவுளின் பெயரே பலமுறை மாறியுள்ளது. சீகன்பால்க் ‘சர்வேசுரன்’ என்றார். பப்ரிசியசு ‘பராபரன்’ என்றார். 1871இல் போவர் தலைமையிலான குழு வெளியிட்ட பதிப்பு ‘தேவன்’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘கடவுள்’ என்றது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் பெரும் விவாதத்தை எழுப்பின.

தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) அவ்விவாதத்தில் முன்னின்றவர். திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, இரண்டாம் சரபோசி மன்னரின் மதிப்பைப் பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியவர். பப்ரிசியசின் விவிலியத்தைத் திருத்தப் புதிய மறைப்பணியாளர் முற்பட்டபோது அவர் கடுமையாக எதிர்த்தார். திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க அவர்கள் முயன்றபோதும் எதிர்த்தார். பின்னதில் வரலாறு அவருக்குச் சார்பாக நிற்கவில்லை. ஆனால் முன்னதில் மொழியியலார் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. வழிபாட்டில் வழங்கும் சொல் வெறும் கருத்தின் குறியன்று. தாய் இறந்த நாளில் கேட்ட சொல், பிள்ளை நோயுற்ற இரவில் முணுமுணுத்த சொல் என்று அது வாழ்க்கையோடு ஒட்டிக்கொள்கிறது. அதனை மாற்றுபவர் அகராதியை மட்டும் மாற்றுவதில்லை.

இப்பின்னணியில் ‘இளைப்பாறுதல்’ என்ற சொல்லின் நிலை வியப்புக்குரியது. 1871ஆம் ஆண்டின் மரபு நடையிலும், 1995ஆம் ஆண்டின் புதுத் தமிழிலும், மத்தேயுவின் அப்பகுதியில் இச்சொல் மாறாமல் நிற்கிறது. சீர்திருத்தச் சபையாரும் கத்தோலிக்கரும் பலப்பல சொற்களில் வேறுபட்டனர். இதில் வேறுபடவில்லை. வடமொழிச் சொற்களை நீக்கித் தூய தமிழாக்க முனைந்தவர்க்கும் இதனைத் தொட வேண்டிய தேவை எழவில்லை. ஏனெனில் இது முன்பே தமிழாக இருந்தது.

5. பாடியவர்கள்

துன்பத்தில் அமைதி தேடியதைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900). நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர், கம்பனில் தோய்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்தவர், 1858இல் திருமுழுக்குப் பெற்றார். அக்காலத்தில் அம்முடிவு உறவையும் குடிமதிப்பையும் இழக்கும் முடிவாகும். ஆங்கிலேயரான சான் பனியன் பெட்போர்டுச் சிறையில் 12 ஆண்டுகள் இருந்தவர். முதுகில் சுமையோடு புறப்படும் ஒரு பயணியின் கதையை 1678இல் வெளியிட்டார். அதனைத் தழுவிக் கிருட்டிணபிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாயிற்று. பயணியின் சுமை சிலுவையின் முன் கழன்று விழுவது அக்கதையின் உயிர்நிலை. ஆனால் அதன்பின்னும் பயணம் முடிவதில்லை. மேடும் பள்ளமும் ஐயமும் சிறையும் அவன்முன் இருக்கின்றன.

கிருட்டிணபிள்ளை இதனைக் கம்பன் வழி வந்த விருத்தத்தில் பாடினார். இடையிடையே தேவாரப் பாங்கில் மன்றாட்டுப் பதிகங்களையும் அமைத்தார். தாம் விட்டுவந்த சமயத்தின் இசையை அவர் விட்டுவரவில்லை. ஆங்கிலச் சிறையில் உருவான கதை, தமிழ்ப் பத்தி மரபின் குரலில் ஒலித்தது. பெருந்துயரில் மனிதர் தாய்மொழியின் ஆழத்திற்கே திரும்புகின்றனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அவருடைய சமகாலத்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். மாவட்ட முனிசீபாகப் பணியாற்றியவர். 1876–78 பெரும்பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தோர்க்கு வழங்கினார். அப்பஞ்சத்தின் துயரை இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் பாடினார். அவருடைய தொகுப்பின் பெயரே ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்பதாகும். பசித்தவர்க்குப் பாட்டு மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால்தான் அவருடைய பாட்டுக்கு மதிப்பு உண்டாயிற்று.

6. கடல் கடந்த சொல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தபோது, பெட்டியோடும் பாயோடும் சேபப் புத்தகமும் வந்தது. சிங்கப்பூர் ஓபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்க்காக எழுந்த லூர்து அன்னை ஆலயம் 1888இல் நிறைவுற்றது. தோட்டங்களில் இந்துக்கள் மாரியம்மன் கோயிலை எழுப்பியதுபோல், கிறித்தவர் சிற்றாலயங்களை எழுப்பினர். நாடு விட்டு வந்த இரு சாராரும் தேடியது ஒன்றே.

1942–43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில்பாதை அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் மாண்டவர் பலர். போர்க் கைதிகளாய் இறந்த வெள்ளையர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலோர்க்குப் பெயர்ப் பலகையும் இல்லை. அவர்தம் மனைவிமார்க்கு இறப்புச் செய்திகூட முறையாக வந்து சேரவில்லை. எரிக்க உடல் இல்லை. புதைக்கவும் உடல் இல்லை. கடன் கழிக்க இயலாத துயரம் அது.

அந்நிலையில் ஒரு சொல் என்ன செய்ய இயலும்? நான் பல ஆண்டு இக்கேள்வியைத் தவிர்த்து வந்தேன். மொழியியல் பயின்றவன், சொல்லுக்கு அளவு மீறிய ஆற்றலை ஏற்றிச் சொல்லக் கூச்சப்படுவான். என் பாட்டிக்கு அச்சொல் தாத்தாவைத் திருப்பித் தரவில்லை. கூலியை உயர்த்தவில்லை. இழப்பீடு எதனையும் பெற்றுத் தரவில்லை. ஆயினும் ஆண்டுக்கொரு முறை, இல்லாத கல்லறைக்கு முன், அவர் தம் சுமையை இறக்கிவைக்க அச்சொல் ஓர் இடம் தந்தது. மெழுகுவத்தி எரிந்து முடியும்வரை நின்றுவிட்டு, “வாப்பா, போகலாம்” என்பார். மறுநாள் விடிகாலை பிரட்டுக்குப் போவார். சுமைதாங்கிக் கல்லின் பயன் அவ்வளவே. சுமையை அது எடுத்துக்கொள்வதில்லை. மீண்டும் தூக்குவதற்கு வலுத் தருகிறது.

7. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இன்று நம் மாணவர் களைத்தால் ‘ரெஸ்ட்’ எடுக்கின்றனர். மனம் சோர்ந்தால் ‘ரிலாக்ஸ்’ செய்கின்றனர். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடன்சொல் எல்லா மொழிக்கும் இயல்பு. ஆனால் ஒரே ஒரு சொல் எல்லா இடத்திற்கும் வந்துவிடும்போது, வேறுபாடுகள் மறைகின்றன. ஓய்வு, ஆறுதல், தேற்றரவு, அடைக்கலம், இளைப்பாறுதல் என்னும் ஐந்தும் ஐந்து வெவ்வேறு நிலைகள். வேலை நிற்பது ஒன்று; காயம் தணிவது ஒன்று; தளர்ந்த நெஞ்சு துணிவு பெறுவது ஒன்று; பிறர் காவலில் தம்மை ஒப்படைப்பது ஒன்று; சுமந்தவர் மூச்சு சீராவது ஒன்று. தனக்கு எது தேவை என்று சொல்லத் தெரியாத மாணவன், அதனைக் கேட்கவும் தெரியாதவனாகிறான்.

ஆகவே ஆசிரியர்களை ஒன்று வேண்டுகிறேன். தன்வினை, பிறவினை கற்பிக்கும்போது ‘ஆறு–ஆற்று’, ‘தேறு–தேற்று’ ஆகிய இணைகளையும் எடுத்துக்காட்டுங்கள். அவற்றை மாணவர் வீட்டிலுள்ள முதியோரிடம் கொண்டுசெல்லச் சொல்லுங்கள். எந்தச் சமயத்தவராயினும், துன்பக் காலத்தில் எந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். இந்துக் குடும்பத்து மாணவன் ஒரு சொல் கொண்டுவருவான்; முசுலிம் மாணவி வேறொரு சொல் கொண்டுவருவாள். அத்தொகுப்பு எந்த அகராதியிலும் கிடைக்காத ஒன்றாக இருக்கும். கேட்கப்படும் முதியோர் நெடுநாள் நம்மோடு இருக்கப்போவதில்லை.

நண்பரின் மடலுக்கு நான் நன்றி எழுதினேன். ‘ஓய்வு பெற்றுவிட்டேன், இளைப்பாறக் கற்றுக்கொண்டிருக்கிறேன்’ என்று குறிப்பிட்டேன். கடந்த நவம்பரில், பாட்டியின் கல்லறையில் ஒரு மெழுகுவத்தியும், நடுச் சிலுவையின் அடியில் மற்றொன்றும் ஏற்றினேன். இரண்டும் எரிந்து முடியும்வரை நின்றேன்.